மயிலுக்கு முறை பார்த்தவன்

செல்லையா இறந்த அன்று அவனைக் குளிப்பாட்டியவர்கள் வலது மணிக்கட்டைச் சுற்றி ஒரு தழும்பைக் கண்டார்கள். மாட்டின் கழுத்தில் கயிறு கிடந்து தேய்ந்த இடம் போலத் தோல் தடித்து, முடி முளைக்காமல் வெளுத்திருந்தது. அரிசி ஆலையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவன், "அண்ணன் ஜெயில்ல கிடந்தாரா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டான். அது அவன் மனைவி தைலம்மாளின் காதில் விழுந்தது.

"ஜெயில்னா தேதி சொல்லிவிடுவாங்க," என்றாள்.

அது காப்புக் கயிறு கிடந்த தடம். மஞ்சள் தோய்த்த நூல்தான். சாமிக்கென்று காப்புக் கட்டிக்கொண்டவன் அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது, மனைவியோடு ஒரே கூரையின் கீழ் படுக்கக் கூடாது. எட்டு நாள், பத்து நாள் என்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். செல்லையாவின் காப்புக்கு நாள் குறிக்கவில்லை. வீட்டில் ஒரு வெள்ளை மயில் பிறந்து வளரும்வரை என்று சொல்லிக் கட்டினார்கள். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது. தைலம்மாளைக் கைப்பிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நேர்ந்துகொண்டவர் சபாபதி. ரங்கூனின் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நாற்பது மாட்டுவண்டி ஓட்டிய காண்டிராக்டர். 1918-ஆம் வருஷக் கடைசியில் விஷக்காய்ச்சல் வந்து ரங்கூனில் தெருத்தெருவாக ஆட்களை அள்ளிக்கொண்டு போனபோது, அவர் மனைவி சொர்ணம்மாளுக்கு ஒன்பது நாள் நினைவில்லை. ஒன்பதாம் நாள் சபாபதி முருகனிடம், "என் வீட்டிலே பொறந்த வெள்ளை மயிலை உன் சந்நிதியிலே கொண்டாந்து நிறுத்தறேன்," என்று வேண்டிக்கொண்டார். பத்தாம் நாள் அந்த அம்மாள் கண் திறந்து கஞ்சி கேட்டார். விலைக்கு வாங்கிக் கொடுத்தால் அது வெறும் காணிக்கை, வீட்டில் பிறந்ததைக் கொடுத்தால்தான் கடன் தீரும் என்பதில் சபாபதி உறுதியாக இருந்தார்.

கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் ஒரு வெள்ளை ஆண்மயிலை வரவழைத்தார். லான்மடாவில் புறாவும் கோழியும் விற்ற பர்கத்துல்லா நான்கு சாதாரணப் பெண்மயில்களைக் கொண்டுவந்து விட்டார். தோட்டத்தின் பின்பக்கம் கம்பிவலை அடித்து வரிசையாகக் கூண்டுகள் போட்டார்கள். யார் கையில் காப்புக் கட்டுவது என்ற கேள்வி வந்தது. சபாபதி வாரம் நான்கு முறை அக்கரை ஆலைகளுக்குப் போகிறவர், ஆற்றைத் தாண்டாமல் அவர் தொழில் நடக்காது. "மயிலை வளர்க்கிறவன் கையில இருந்தாப் போதும்," என்றார் கோயில் பண்டாரம். மயிலை வளர்க்கப் போகிறவன் செல்லையா. வண்டி மாடுகளுக்கு நோய் கண்டால் அவன் கை பட்டுத்தான் எழும் என்று அந்தக் கொட்டடியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் அவனை மாட்டிவிட்டது.

மழை தொடங்கியதும் குஞ்சு வரும், வெள்ளை அப்பனுக்கு வெள்ளைப் பிள்ளைதானே பிறக்கும், ஐப்பசிக்குள் அவிழ்த்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். செல்லையாவும் அப்படித்தான் நினைத்தான். தைலம்மாள் தன் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கனாங்தோவுக்குப் போனாள். ஆற்றுக்கு அக்கரையில் ஆலைகள் இருந்த கரை அது. அங்கே ஆலையாட்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த அவள் தாய், செல்லையாவுக்கு உடன்பிறந்த அக்காள். அக்காள் மகளைத்தான் அவன் கட்டியிருந்தான்.

முட்டைகளை நாட்டுக்கோழிகளின் அடியில் அடைவைத்தான். இருபத்தெட்டாம் நாள் பதினொரு குஞ்சுகள் பொரித்தன. பதினொன்றும் பழுப்பு.

சபாபதி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "என்னடா இது, காட்டுக்கோழியாட்டம் இருக்கு?"

"வளர்ந்தா வெளுக்கும்ங்க மொதலாளி."

"எருமைக்கன்னு வெளுத்து நீ பாத்திருக்கியா?"

வெளுக்கவில்லை. சேவல்களுக்குக் கழுத்தில் நீலம் ஏறியது, பெட்டைகளுக்குப் பழுப்பே தங்கியது. ஆனால் செல்லையா ஒன்றைக் கண்டுபிடித்தான். குஞ்சுகளைக் கையில் எடுத்து இறக்கையை இரண்டு விரலால் விசிறிபோல விரித்தால், பதினொன்றிலும் அடியிறகுகளுக்கு நடுவே ஒன்றோ இரண்டோ வெள்ளையாக இருந்தன. மூடினால் தெரியாது. விரித்தால் இருக்கும். அவன் வெகுநேரம் மூடியும் விரித்தும் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தைலம்மாள் சம்பானில் ஆற்றைக் கடந்து க்யிம்யிண்டைங் சந்தைக்கு வருவாள். ஙப்பி என்னும் பர்மிய மீன்விழுதும் மற்ற சாமானும் வாங்கியபின் படகுத்துறைப் படியில் ஒரு முழம் தள்ளி, நடுவே கூடையை வைத்துக்கொண்டு அவனோடு உட்காருவாள். அந்த முதல் வருஷத்தில் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"கூடையில ஙப்பி இருக்கு. மோந்து பாத்தா விரதம் கெட்டுடுமா மாமா?"

"தள்ளி வை."

"என்னையா, ஙப்பியையா?"

துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "மயிலு பதினொண்ணு பெத்துடுச்சு. உங்க வீட்டுல எப்போ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவளும் சளைக்காமல், "மயிலுக்கு யாரும் கயிறு கட்டலையே அண்ணே," என்பாள்.

நூல் இற்றுப்போகும். ஒவ்வொரு பங்குனியிலும் பண்டாரம் வந்து, பழையதை அறுக்குமுன் அதன்மேலேயே புதியதைக் கட்டுவார். ஒரு கணமும் அந்தக் கை வெறுங்கையாக இருக்கவில்லை. மூன்றாவது முறை கட்டியபின் தைலம்மாள் துறைப்படியில் அவன் கையைப் பிடித்து இழுத்து மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். நூலுக்கும் தோலுக்கும் நடுவே அது நுழைந்துவிட்டது. செல்லையா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அந்தம்மாவுக்கு இந்த வாரம் காய்ச்சல்," என்றான். "இப்போ அறுத்து அவங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"காய்ச்சல் யாருக்கு வரல்ல? எனக்கு வந்தப்ப எந்தக் கயிறு என்னைக் காப்பாத்துச்சு?"

அவளுக்குக் காய்ச்சல் வந்தது அவனுக்கு அன்றுதான் தெரியும்.

வெள்ளை எங்கே போயிற்று என்பதைப் பர்கத்துல்லாதான் ஒருநாள் தீனி மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். மூன்று தலைமுறையாகப் புறா வளர்க்கும் குடும்பம் அவருடையது.

"போகல தம்பி. உள்ள உக்காந்திருக்கு. புறாவுல நாங்க நிறம் எடுக்கறது எப்படித் தெரியுமா? பொறந்த பொட்டையைத் திரும்ப அப்பன்கிட்டயே விடுவோம். பாதிக்குப் பாதி அவன் நிறம் வந்துடும்."

"அப்பன்கிட்டயேவா?"

"புறாவுக்கு என்ன நிக்காஹ் ஓதியா வச்சிருக்கு?"

செல்லையா இதைச் சபாபதியிடம் சொன்னான். சபாபதி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"டேய், அது முருகனுக்கு வாகனம்டா. அப்பனுக்கும் மகளுக்கும் பொறந்ததைக் கொண்டுபோய்ச் சந்நிதியில நிறுத்தச் சொல்றியா? என் பொண்டாட்டி உசிருக்கு ஈடா? உன் வாயில வந்ததை நான் கேக்கல. போ."

"அண்ணன் தங்கச்சியைச் சேத்தா..."

"போடான்னேன்."

அவன் கூண்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அங்கே இருந்த இளம் மயில்கள் அத்தனைக்கும் ஒரே அப்பன், எல்லாம் உடன்பிறப்புகள். யாரை யாரோடு விட்டாலும் முறைகேடு. அவன் தன் குடும்பத்தை நினைத்துப் பார்த்தான். அக்காளும் தானும் சேரக் கூடாது, ஆனால் அக்காள் மகளைத் தான் கட்டலாம். கட்டியும் இருக்கிறான். மயிலுக்கும் அதே முறை வைத்தால் என்ன?

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் மயில்களுக்கு உறவு உண்டாயிற்று. வெள்ளைச் சேவலுக்குப் பெயர் பெரியவர். பெரியவரின் மகன்களில் நன்றாக இருந்த ஒன்று, மாமன். மகள்களுக்கு அந்நியத்தில் மாப்பிள்ளை வேண்டுமென்று பர்கத்துல்லாவிடம் ஒரு நீலச் சேவல் வாங்கினான். அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர். மகள்கள் மாப்பிள்ளையோடு சேர்ந்து 1921 மழையில் எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. இறக்கையை விரித்துப் பார்த்தான். நான்கில் வெள்ளை இறகு இருந்தது, நான்கில் இல்லை. இருந்தவற்றின் காலில் சிவப்பு நூல் கட்டினான். அவற்றில் இரண்டு பெட்டை. அவைதான் மருமகள்கள். அவற்றை மாமனோடு விட்டால் முறையும் கெடாது, இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் வெள்ளை ஒன்றையொன்று கண்டுகொள்ளும் என்பது அவன் கணக்கு. கல்லூரிகளில் பட்டாணிச் செடியை வைத்துச் சொல்லித்தரும் பாடத்தை அவன் கால்நூல்களை வைத்துத் தானே எட்டியிருந்தான்.

ஆனால் பெண்மயில் முட்டையிட இரண்டு வருஷம் ஆகும். அவன் அக்கரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு வருஷம் தீனி போட்டான். தண்ணீர் வைத்தான். கூண்டு கழுவினான்.

"மயிலுக்கும் தாய்மாமன் முறையா?" தைலம்மாள் துறைப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "அதுங்களுக்கு முகூர்த்தம் வச்சுட்டீங்க. நமக்கு?"

1923-இல் மருமகள்கள் ஒன்பது முட்டை இட்டன. இரண்டை மரநாய் தின்றது. மீதியில் ஐந்து பொரித்தன. நான்கு பழுப்பு, ஒன்று வெளிர்மஞ்சள்.

வெள்ளை மயிலின் குஞ்சு முதலில் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று பர்கத்துல்லா சொல்லியிருந்தார். செல்லையா அந்த மஞ்சள் குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாளிகைப் படியில் ஓடினான். சபாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆறாம் மாதம் மஞ்சள் போய்ப் பறவை பாலாக வெளுத்தது. இறகு முழுசாக முதிர்ந்தபின், 1925 வைகாசி விசாகத்தன்று கோயிலில் விடுவதென்று நாள் குறித்தார். அன்றே காப்பு அவிழும். தைலம்மாள் கனாங்தோவில் தன் தாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஓர் அறைக்குத் தட்டி கட்டி, கீற்று வேய்ந்தாள்.

நிறமுள்ள குஞ்சென்றால் சில மாதத்தில் கழுத்து நீலத்தை வைத்துச் சேவல், பெட்டை சொல்லிவிடலாம். வெள்ளையில் அந்த அடையாளம் இல்லை. தோகையும் மூன்றாம் வருஷம்தான் நீளும். அதுவரை வளர்த்தவனுக்கு என்ன வேண்டுமோ அதுதான் கண்ணுக்குத் தெரியும். செல்லையாவுக்கு அந்த நடையில் சேவலின் மிடுக்குத் தெரிந்தது.

பர்மியப் புத்தாண்டான தீஞ்சானின் தண்ணீர் விளையாட்டு முடிந்த நான்காம் நாள் காலையில், தனிக்கூண்டின் மூலையில் வெள்ளை மயில் ஒரு முட்டை இட்டது.

சபாபதி வந்து அதைப் பார்த்தார். கோபப்படக்கூட அவரால் முடியவில்லை. "வாகனம் சேவல்தானே செல்லையா," என்றார் மெதுவாக. "பொட்டையை வச்சு நான் என்ன செய்ய? இன்னும் முயற்சி பண்ணு."

மருமகள்களும் மாமனும் இருந்தார்கள். ஆனால் அந்த வழியில் நான்கில் ஒன்றுதான் வெள்ளை, வெள்ளையில் பாதிதான் சேவல். எட்டில் ஒன்று. அதற்குள் மரநாய், இடி, கூமுட்டை. எத்தனை மழைக்காலம் என்று யார் சொல்ல முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சொல்லி முடிக்கும்வரை தைலம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கூடையை எடுத்துத் தன் மறுபக்கத்தில் வைத்தாள். அவர்களுக்கு நடுவே முதல்முறையாக எதுவும் இல்லை. அவன் பயந்து நகர்ந்து உட்கார்ந்தான்.

"பாத்தீங்களா," என்றாள். "உங்களுக்கே பழகிப்போச்சு."

"தைலம்..."

"ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமைப் பொண்டாட்டியா இருக்கேன். கடையில சாப்பிட வர்றவன்லாம் என் வயித்தைப் பாத்துட்டுத்தான் எலையில உக்கார்றான். அடுத்த மழைக்குள்ள நீங்க ஆத்தைத் தாண்டுங்க. இல்லாட்டி நான் தாண்டறதை நிறுத்திக்கறேன். கோவத்துல சொல்லல மாமா. கால் வலிக்குது."

சம்பான் நடு ஆற்றுக்குப் போகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறொரு வழி அவன் கண்முன்னாலேயே இருந்தது. பெரியவரின் கூண்டுக்கும் வெள்ளைப் பெட்டையின் கூண்டுக்கும் நடுவே ஒரு கதவு, அதற்கு ஒரு கொக்கி. வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் வெள்ளையைத் தவிர வேறு வராது. பாதிக்குப் பாதி சேவல். ஆனால் பெரியவர் அவளுடைய அப்பனைப் பெற்ற தாத்தா. தாய்வழியிலோ பாட்டியைப் பெற்றவர். இந்த முறைகேட்டுக்குத் தமிழில் பெயர்கூடக் கிடையாது.

மறுநாள் நண்பகலில், வண்டிகள் எல்லாம் துறைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் கொக்கியைத் தூக்கினான். பெரியவர் தோகையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்து போனார். செல்லையா நிமிர்ந்தபோது மாடி வராந்தாவில் சொர்ணம்மாள் நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அம்மாள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் கீழே வந்து தீனித் தொட்டியைப் பார்ப்பதுபோல நின்றார். "மத்தியானம் என்ன வெயில்," என்றார். "கண்ணைக் கூசிச்சு. ஒண்ணுமே தெரியல."

செல்லையா தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் கையில இருக்கற கயிறு கண்ணுக்குத் தெரியுது. கடன் தீராம சாமி குடுத்த உசிரை வெளிய விடக் கூடாதுன்னு ஆறு வருஷமா என்னை இந்தக் கேட்டைத் தாண்ட விடல, தெரியுமா? பொழைச்சு எழுந்தேன்னுதான் பேரு."

அடைவைக்கும் நாள் வந்தது. வெள்ளைப் பெட்டையின் முட்டை நான்கு, மருமகள்களின் முட்டை ஐந்து. ஒவ்வொரு வருஷமும் எந்த முட்டை யாருடையது என்று ஓட்டின்மேல் கரித்துண்டால் கோடு போடுவான். அன்றும் கரியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு, ஒன்பதையும் ஒரே கூடையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவிக் கலந்தான். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பிறகு கோழியை அதன்மேல் உட்காரவைத்தான். தனக்கே தெரியாததைத் தன்னிடம் யார் கேட்க முடியும் என்று அப்போது அவனுக்குத் தோன்றியது.

இரண்டு கூமுட்டை. ஏழு பொரித்தன. நான்கு பழுப்பு, மூன்று மஞ்சள்.

மஞ்சள் மூன்றும் வெள்ளைப் பெட்டையுடையதாக இருக்கலாம். அதில் ஒன்று மருமகளுடையதாகவும் இருக்கலாம். எந்தெந்த முட்டை கெட்டது என்று தெரிந்தால் சொல்லிவிடலாம், ஆனால் அதைத்தான் அவன் தெரியாமல் செய்துகொண்டானே. எட்டு மாதத்தில், கால் நீளத்தையும் குதிகால் தடிப்பையும் வைத்து, இந்தமுறை ஏமாறாமல் கணித்தான். மூன்றில் ஒன்றுதான் சேவல்.

1926 வைகாசி விசாகத்துக்கு முதல்நாள் காலை சபாபதி கூண்டுக்கு வந்தார். வெள்ளைச் சேவல் வெயிலில் நின்றது. தோகை இன்னும் நீளவில்லை, ஆனால் பார்க்கிறவன் கண்ணை எடுக்க முடியாது. அவர் கை கூப்பினார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இதுக்குத் தாய் தகப்பன் யாரு?"

"மாமனும் மருமகளும்ங்க."

"முறைதானே?"

"முறைதாங்க."

சபாபதி கெட்டவர் இல்லை. பயந்தவர். ஏழு வருஷமாகத் தன் மனைவியின் ஒவ்வொரு இருமலையும் எண்ணிக்கொண்டிருந்தவர். பூஜை அறைக்குப் போய்த் தட்டில் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சொர்ணம்மாளும் வந்து தூணோரம் நின்றார்.

"நீ சொன்னாப் போதும் செல்லையா. ஆனா இது எனக்கும் உனக்கும் இல்லை. இதை அணைச்சுச் சொல்லிடு. பொய்யின்னா வம்சத்தைக் கேக்கும்னு உனக்கே தெரியும்."

கற்பூரம் எரிந்தது. உண்மை என்று சொல்ல அவனால் முடியாது. பொய் என்றும் முடியாது. தெரியாது என்று சொன்னால் மயில் போகாது, காப்பு அவிழாது, அக்கரையில் வேய்ந்த கீற்று இன்னொரு மழையில் நனையும். சொர்ணம்மாள் அவனைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று அவனுக்குக் கேட்கவில்லை.

"முறைதான்," என்று சொல்லிச் செல்லையா வலது உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தான். நூல் நுனியில் ஒரு பொறி பட்டுக் கருகியது.

மறுநாள் கோயிலில் பண்டாரம் காப்பை அவிழ்த்தார். ஏழு வருஷமாக ஒரே இடத்தில் கிடந்ததில் நூல் தோலோடு ஒட்டியிருந்தது, ஈரத் துணி வைத்து உரிக்க வேண்டியிருந்தது. சொர்ணம்மாள் அன்றுதான் நோய்க்குப்பின் முதல்முறையாகத் தெருவில் நடந்தார். செல்லையா கோயில் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் துறைக்குப் போய்ச் சம்பானில் ஏறினான். ஆற்றைக் கடக்க அரைமணிகூட ஆகவில்லை. அவன் அக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தான். இவ்வளவுதானா என்று நினைத்தான்.

தைலம்மாள் இலை போட்டுச் சோறு வைத்தாள், ஓரத்தில் கொஞ்சம் ஙப்பி. அவன் பிசைந்தான். வாய்வரை கொண்டுபோனான். வாய் திறக்கவில்லை. "மெதுவாத்தான் வரும்," என்று இலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

சபாபதி ஆள் அனுப்பினார். வெள்ளை மயிலைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு, இரண்டு பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள், திரும்பி வா என்று. அவன் போகவில்லை. பகலில் கடைக்கு விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான். கோயில் பக்கம் அவன் திரும்பவே இல்லை. விறகு பிளந்துகொண்டே திடீரென்று நின்றுவிடுவான். மருமகள்களின் முட்டை ஐந்தும் பொரித்திருந்தால் நான்கு பழுப்பு போக ஒன்று மஞ்சள். அப்படியானால் மூன்றில் ஒன்று நியாயமானது. அந்த ஒன்றுதான் சேவலாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கெட்டிருந்தால்? கோடரி கட்டையிலேயே கிடக்கும். தைலம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "எந்த முட்டை?" என்று கேட்பாள். முட்டைக் கணக்கை அவளிடம் சொல்லியிருந்தான். கற்பூரத்தைச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில் பெண்குழந்தை பிறந்தது. கறுப்பாக, கொழுகொழுவென்று, நல்ல குரலோடு. தைலம்மாளின் தாய் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். குளிப்பாட்டித் துடைத்த குழந்தையைச் செல்லையாவின் மடியில் வைத்தார்கள். அவன் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான். அந்தச் சின்னக் கையை எடுத்து, மூடியிருந்த விரல்களை இரண்டு விரலால் மெல்ல விசிறிபோல விரித்தான். மூடினான். மறு கையை விரித்தான். அக்குளைத் தூக்கிப் பார்த்தான். தலைமுடியைப் பிரித்து வேர்வரை பார்த்தான்.

"எல்லாம் சரியா இருக்கு மாமா," என்றாள் தைலம்மாள் பாயில் படுத்தபடி. "பத்து விரல். நானும் எண்ணிட்டேன்."

"இருக்கு."

"பின்ன என்ன பாக்கறீங்க?"

பொய் வம்சத்தைக் கேட்கும் என்று சபாபதி சொல்லியிருந்தார். அந்த முதல் பதினொரு குஞ்சுகளும் பழுப்பாகத்தான் பிறந்தன. வெளியே பார்த்தால் ஒன்றிலும் எதுவும் தெரியவில்லை. ஒரு தலைமுறையில் ஒளிந்தது அடுத்ததில் வரும் என்பதை ரங்கூன் முழுவதிலும் யாரும் சொல்லித்தராமல் தானே கண்டுபிடித்தவன் அவன்.

"இவகிட்டத் தெரியாது," என்றான். "இவ பிள்ளைகிட்டதான்..."

"என்னது?"

"ஒண்ணுமில்லை. தூங்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. அவன் அந்தப் பிடியை விடுவித்து, முதல் விரலிலிருந்து மறுபடி விரித்துப் பார்க்கத் தொடங்கினான்.